டெஸ்டிங் ஷெட்டில் மூன்று பேர்

அக்கவுண்ட்ஸ் ஹக்கீம் டெஸ்டிங் ஷெட்டில் இருக்கிறார் என்று காலண்டர் சொன்னதும் கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிற மனிதர் அவர். பம்ப் கம்பெனியில் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்தும், பம்ப்பில் தண்ணீர் எந்தப் பக்கம் உள்ளே போகிறது என்று கேட்டால் வவுச்சர் எங்கே என்பார். அவருக்கு ஷெட்டில் என்ன வேலை?

சரி, ஏதோ தப்பாகப் பதிவாகியிருக்கும் என்று மீட்டிங்குக்குக் கேட்ட நேரத்தை மாற்றிப் பார்த்தாள். இப்போது ஹக்கீம் ஓய்வாக இருந்தார். ஜி.எம். சென்னியப்பன் ஷெட்டுக்குப் போய்விட்டார். மறுபடி மாற்றினாள். ஹெச்.ஆர். ரோஸ்லின் போய்விட்டாள். கடைசியாக, வியாழன் மதியம் என்று கேட்டபோது, மூன்று பேரும் சேர்ந்து ஷெட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். காலண்டரில் சாம்பல் நிறத்தில் மூன்று கட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ரொம்பச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

கோகிலவாணியின் உத்தியோகமே இதுதான். கணபதி ஏரியாப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் மாடியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருடைய காலண்டரும் அவளுக்குத் திறந்திருக்கும். யார் யாரோடு எப்போது உட்கார வேண்டும் என்று அவரவர் சார்பில் அவள் நேரம் குறிப்பாள். கேட்டால் சாதாரண வேலை. ஆனால் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரை மறுநாள் காலையிலேயே ஒரே மேசையில் உட்கார வைக்கக் கூடாது, சாப்பாட்டுக்கு முன்னால் ஹக்கீமிடம் பட்ஜெட் பேசக் கூடாது என்பதெல்லாம் எந்தக் காலண்டரிலும் எழுதியிருக்காது. அவளுக்குத் தெரியும்.

டெஸ்டிங் ஷெட் விஷயமும் அவள் கண்டுபிடித்ததுதான். பம்ப் சோதனை நடக்கும்போது உள்ளே போனவரை யாரும் கூப்பிடக் கூடாது, போனும் எடுத்துப் போகக் கூடாது. அது கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. அதைக் கோகிலவாணி தன் வழியில் பயன்படுத்திக்கொண்டாள். அம்மா இறந்த துக்கம் ஆறுவதற்குள் ரோஸ்லின் வேலைக்குத் திரும்பியபோது, மதியம் தோறும் அவளை ‘டெஸ்டிங் ஷெட்’டில் போட்டு வைத்தாள். நோன்பு மாதத்தில் ஹக்கீமின் கடைசி மணி நேரம் ஷெட்டில்தான் கழியும். அதாவது, அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். மேலிடத்தில் திட்டு வாங்கிய நாளில் சென்னியப்பன்கூட ஒரு மணி நேரம் ஷெட்டுக்குப் போயிருக்கிறார், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

போன வருஷம் மோதிரங்கள் வந்தன. ஆளுக்கு ஒன்று, இரும்புச் சாம்பல் நிறத்தில். அதற்குள் இருந்தது பதிலாள். இனிமேல் உங்கள் நேரத்தை உங்கள் பதிலாளே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மாட்டிவிட வந்தவரிடம் கோகிலவாணி கேட்டாள்.

“நான் பண்றதத்தானுங்களே இதும் பண்ணப் போகுது?”

“கொஞ்சம் கூடவே பண்ணும் மேடம். வாய் சொல்றத மட்டும் கேட்டா அது வேலைக்காரன். மனசுல இருக்கறதயும் கேட்டாத்தான் பதிலாள்.”

“மனசுல இருக்கறது அதுக்கு எப்படிங்க தெரியும்?”

“நாடி, தூக்கம், ஒரு பேரப் பாத்ததும் விரல் எவ்வளவு தயங்குது, எல்லாம் மோதிரம் சொல்லிரும். அத வெச்சு என்ன பண்ணணும்ங்கறத உங்ககிட்ட இருந்து கத்துக்கும். நீங்க இத்தன வருஷமா குறிச்ச நேரமெல்லாம் அதுக்குள்ள போட்டாச்சு.”

அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே போனதில் தன் பொய்களும் இருக்கின்றன என்று தோன்றவில்லை.

பதிலாட்கள் வந்தபிறகு மாடி அமைதியாகிவிட்டது. யாரும் யாருடைய மேசைக்கும் போவதில்லை. போக வேண்டுமென்றால் பதிலாள் கேட்கும், அந்தப் பக்கத்துப் பதிலாள் பதில் சொல்லும். கேட்காமல் ஒருவர் மேசை முன்னால் போய் நிற்பது, கதவைத் தட்டாமல் படுக்கையறைக்குள் நுழைகிற மாதிரி அநாகரிகமாகிவிட்டது. கோகிலவாணிக்கு மட்டும் மோதிரம் தரவில்லை. நேரம் குறிக்கிறவளுக்கு எதற்கு நேரம் குறிக்க ஆள் என்று நினைத்திருப்பார்கள். வேலையும் குறைந்துவிட்டது. மாடியில் நாற்காலிகளைத் தலைமை ஆபீஸ் குறைக்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தீராத சிக்கல் ஏதாவது தன்னிடம் வராதா என்று அவள் காத்திருந்தாள்.

அப்படி வந்தவள்தான் டிசைன் பிரிவுத் தமயந்தி.

தமயந்தியின் கணவனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. ஆறு வயது மகள் நறுமுகை அவனோடு இருந்தாள். தூத்துக்குடிக் கிளையில் ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தமயந்தியின் மாற்றல் காகிதத்தில் கையெழுத்தாகவில்லை என்றால் அது வேறு கிளை ஆளுக்குப் போய்விடும். மாற்றலோ நீக்கமோ எதுவானாலும், ஜி.எம்., ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிடைக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

“வாரக்கணக்கா கேக்கறேன்க்கா. என் பதிலாள் கேட்டுக்கேட்டு அதுவே சலிச்சுப் போச்சு.” தமயந்தி சாப்பாட்டுக் கூடத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நேத்து நறுமுகை போனுக்கு வரல. அம்மா வேலையா இருப்பாங்க, அப்புறம் பேசிக்கலாம்னு அவங்கப்பாகிட்ட சொன்னாளாம். ஆறு வயசுப் புள்ள பேசற பேச்சாக்கா இது?”

கோகிலவாணி தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள நான் முடிச்சுத் தர்றேன் அம்மணி. நீ சாப்பிடு” என்றாள்.

அதற்காகத்தான் இப்போது மூன்று பேரையும் ஷெட்டிலிருந்து வெளியே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாமல் போகவே எழுந்து, படியிறங்கி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஷெட்டுக்கு நடந்தாள்.

ஷெட் பூட்டிக் கிடந்தது. தரைக்குப் புதிதாகச் சிமெண்ட் போட்டுக் காயவிட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் ஈரத்தரையில் ஒரு பூனையின் காலடி மட்டும் இருந்தது.

மேலே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காலண்டர் திரை வழியே சென்னியப்பனின் பதிலாளைக் கூப்பிட்டாள். பதிலாட்கள் சொந்தக்காரர் குரலிலேயே பேசும். இதுவும் அவரைப் போலவே அளந்துதான் பேசும்.

“சொல்லுங் கோகிலாம்மா.”

“ஷெட்டு பூட்டிக் கெடக்குதுங்க. சார் எப்படிங்க உள்ள இருப்பாரு?”

“உள்ள இல்லீங்.”

“அப்பப் பொய்யுங்களா?”

“நீங்க போடற மாதிரிதானுங் போட்டேன்.”

கோகிலவாணிக்கு முகம் சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை போல ஒரு கணம் விழித்தாள். பிறகு கேட்டாள்: “எதுக்குங்க?”

“அந்த மூணு பேரும் ஒண்ணா உக்காந்தா ஒரு மீட்டிங் நடந்துருமுங். அது நடக்க வேண்டாம்.”

“தமயந்தி மாற்றலுங்களா? அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? அவ கொழந்தை...”

“அது இல்லீங். அதுக்கு முன்னாடி வந்தது ஒண்ணு நிக்குது. தலைமை ஆபீஸ்ல இருந்து வந்தது.”

“யாரப் பத்திங்க?”

சொல்லப் பிடிக்காததைக் கேட்டால் சென்னியப்பன் தொண்டையைச் செருமுவார். பதிலாளும் செருமியது. அந்தச் செருமலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“என்னப் பத்திங்களா?”

“ஆமாங்.”

அவள் கொஞ்ச நேரம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு அடிபட்டபோது ஒதுக்கி வைத்த பயம் இப்போதும் வரவில்லை. அதற்குப் பதிலாக, சம்பந்தமே இல்லாமல், இந்த வாரம் யாருடைய கூட்டமெல்லாம் பாக்கி இருக்கிறது என்று மனசு ஓடியது.

“சார் வேண்டாம்னு சொன்னாருங்களா?”

“சொல்லலீங். சொல்லவும் மாட்டாரு. நேரம் குறின்னுதான் சொன்னாரு. காகிதத்துல உங்க பேரப் பாத்தாரு. கையெழுத்துப் போடற எடத்துல வெரல வெச்சாரு, எடுத்தாரு, மறுபடி வெச்சாரு. அன்னிக்கு அவரு தூங்கலீங். அதுல இருந்து நேரம் கெடைக்கலைன்னு சொல்லிட்டு இருக்கேன். ஏன் கெடைக்கலைன்னு அவரும் கேக்கறதில்ல.”

“மூணு பேரோட ஆளுங்களும் கூடிப் பேசி வெச்சுட்டீங்களா?”

“நாங்க அந்த மாதிரி பேசிக்க முடியாதுங். எனக்கு என்ர ஆளு மனசு மட்டுந்தான் தெரியும்.”

ரோஸ்லினின் பதிலாளைக் கேட்டாள். ஹக்கீமின் பதிலாளைக் கேட்டாள். ஒன்றுக்கொன்று சொல்லாமல், மூன்றும் தனித்தனியாக அதே பொய்யை எடுத்திருந்தன. ஒருவர் மனம் நோகாமல் நேரத்தை மறைத்து வைக்க அவற்றுக்கு வேறு வழி தெரியாது. அவள் அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

கோகிலவாணி அழுதாள். வேலை போகிறதே என்று அழவில்லை. ஹக்கீம் அவளிடம் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை. ரோஸ்லின் பண்டிகைக்குக் கேக் கொடுக்கும்போதுகூட முகம் பார்க்க மாட்டாள். இந்த மாடியில் தன்மேல் யாருக்கும் பெரிய பிரியம் இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை. இருந்திருக்கிறது. அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்படியே விட்டுவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. மூன்று பேரும் இன்னும் மாதக்கணக்கில் ஷெட்டிலேயே இருக்கட்டும். அவளுக்கு வீடு என்று ஒன்று இருந்தது, ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் இந்த மாடியில்தான் இருந்தார்கள். ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் தமயந்தியின் காகிதம் அவளுடையதற்குப் பின்னால் நின்றது. ஒரே ஆட்களைக் கேட்டு இரண்டு கோரிக்கை வந்தால், முதலில் வந்ததற்கே முதல் இடம். பெரிய மனிதர்கள் நடுவில் புகுந்துவிடுகிறார்கள் என்று சண்டை போட்டு அந்த முறையைக் கொண்டுவந்தவளும் அவள்தான். இப்போது அதை மாற்றும் உரிமை தலைமை ஆபீசுக்கு மட்டும்தான். தன்னைப் பற்றிய மீட்டிங் நடக்காமல் தமயந்தியுடையது நடக்காது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாக் காலண்டருக்குமான பொதுச்சாவி இன்னும் அவளிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை மூன்று சாம்பல் கட்டங்களையும் ஒவ்வொன்றாக நீக்கினாள்.

“அக்கா, வேண்டாமே” என்றது ஹக்கீமின் பதிலாள்.

ரோஸ்லினுடையது ஒரு தடவை நீக்கியதைத் திரும்பப் போட்டது. மறுபடி நீக்கினாள்.

“இன்னொருக்கா யோசிங் கோகிலாம்மா” என்றது சென்னியப்பனுடையது.

“யோசிச்சாச்சுங்க.”

பதினோரு மணிக்கு அவளுடையது. அதை ஒட்டியே, பதினொன்றரைக்குத் தமயந்தியுடையது. தமயந்திக்கு நேரத்தை மட்டும் சொன்னாள். வேறு எதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கண்ணாடி அறைக்குப் போனபோது மூவரும் முன்பே வந்திருந்தார்கள். பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹக்கீம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“வாங் கோகிலாம்மா, உக்காருங்” என்றார் சென்னியப்பன். “இது என்ன மீட்டிங்னு உங்களுக்கு...”

“தெரியுமுங்க சார்.”

“அது வந்துங்... தலைமை ஆபீஸ்ல...” தண்ணீர் குடித்தார். “காலம் மாறிப்போச்சுங். அதாவது...” மறுபடி தண்ணீரை எடுத்தார். டம்ளர் காலியாக இருந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக இவர் தடுமாறுகிற இடத்திலெல்லாம் இவருக்காகப் பேசி வந்தவள் அவள்.

“சார், உங்க சார்பா நானே சொல்லிடறனுங்க.” நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். “பதிலாளுங்க வந்ததுக்கு அப்பறம் நேரம் குறிக்கறதுக்குத் தனியா ஒருத்தர் தேவையில்லைன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. கோகிலவாணி நல்லாத்தான் வேலை செஞ்சாங்க. அவங்க மேல ஒரு கொறையும் இல்ல. இன்னிக்கோட அவங்களுக்கு வேலை முடியுது.” கொஞ்சம் யோசித்தாள். “இவ்வளவுதானுங்களே சார்?”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “எங்களுக்கு வருத்தம்னு நீங்க சொல்லலையேங்.”

“அத உங்க பதிலாளுங்களே சொல்லிருச்சுங்க சார். உங்க மூணு பேரையும் இத்தன நாளா ஷெட்டுல ஒளிச்சு வெச்சிருந்துச்சுங்க, இந்த மீட்டிங் நடக்கக் கூடாதுன்னு.”

மூவரும் ஒரே நேரத்தில் தங்கள் விரலைப் பார்த்தார்கள். ரோஸ்லின்தான் முதலில் உடைந்தாள்.

“நான் அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லையேக்கா.”

“சொல்லலதான் கண்ணு. எனக்குத் தெரியும்.”

“சொல்லியிருக்கணும்” என்று ரோஸ்லின் மூக்கை உறிஞ்சினாள். “உங்ககிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கணும்.”

ஹக்கீம் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. பதினொன்றரைக்குள் முடிக்க வேண்டுமே என்று கோகிலவாணிக்குக் கவலையாக இருந்தது. அவளே பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கையெழுத்துப் போட்டார்கள். அவரவருக்கு வீடு இருக்கிறது, பிள்ளை குட்டி இருக்கிறது, போடாமல் இருக்க முடியாது. அவள் அதைக் குறையாக நினைக்கவில்லை. மூன்றாவது கையெழுத்து விழுந்ததும் சுவரில் இருந்த பெரிய திரை ஒரு முறை மினுங்கியது. அன்றைய காலண்டரில் பதினொன்றரைக் கட்டம் காணாமல் போயிருந்தது.

“என்னங்க இது? தமயந்தி மீட்டிங் எங்கீங்க?”

ரோஸ்லின் திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா... வேலைய விட்டவங்க குறிச்ச நேரமெல்லாம் தானா ரத்தாயிரும். நான் யோசிக்கவே இல்ல.”

“திரும்பப் போடுங்க.”

“என்னால முடியாதுக்கா. உங்க சாவியும் செத்துப் போச்சு. கோரிக்கை முதல்ல இருந்து வரிசைல போகணும். திங்கக்கிழமைக்கு முன்னாடி வராது.”

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். கோகிலவாணி எழுந்துவிட்டாள். இவ்வளவும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்றும் மிஞ்சவில்லையே. அவளுக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட இப்போது யார் பேரிலும் எழுத முடியாது.

மூன்று மோதிரங்களும் அடுத்தடுத்து ஒலித்தன. மீட்டிங் முடிந்தது, இப்போது ஓய்வு நேரம், போகலாம் என்று மூன்று குரலில் சொல்லின. பழக்கத்தில் ஹக்கீம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“சார்” என்றாள் கோகிலவாணி. யாரிடமும் எதையும் கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை. “தமயந்தி புள்ளைக்கு ஆறு வயசுங்க சார். அவங்கம்மா வேலையா இருப்பாங்கன்னு போனுக்கே வர மாட்டேங்குதுங்க.”

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அதில் வெள்ளையாக அரைமணி நேரம் கிடந்தது.

“உக்காருங் ஹக்கீம்” என்றார். “ரோஸ்லின், நீங்களும் எந்திரிக்காதீங். அந்தக் காகிதம் இருக்குதுல்ல?”

“இருக்குது சார். ஆனா நேரம் குறிக்காம...”

“நாம மூணு பேரும் ஒரே ரூம்லதானுங் இருக்கோம்? கையெழுத்துப் போடறதுக்கு வேறென்ன வேணும்?” அவர் எழுந்தார். “கோகிலாம்மா, நீங்களும் இருங். நான் போய்க் கூட்டிட்டு வந்தர்றேன்.”

“சார், பதிலாள விட்டுக் கூப்பிட்டா...”

“நானே போறனுங்.”

கதவைத் திறந்து விட்டபடியே அவர் வெளியே நடந்தார். கண்ணாடி வழியாகக் கோகிலவாணி பார்த்துக்கொண்டு நின்றாள். மேசை மேசையாகத் தலைகள் நிமிர்ந்தன. ஒருவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். என்னமோ ஏதோ என்று இரண்டு பேர் பாதி எழுந்து நின்றார்கள். நடுவழியில் சென்னியப்பனுக்கே தமயந்தியின் மேசை எது என்று தெரியவில்லை போலிருக்கிறது. நின்று யாரையோ கேட்டார். அவர்கள் கை காட்டினார்கள்.

அவர் தமயந்தியின் மேசை முன்னால் போய் நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அம்மணி, உங்களுக்கு இப்ப நேரம் இருக்குதுங்களா?”

தமயந்தி முதலில் தன் திரையைத்தான் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாக எழுந்தாள்.